அளவையின் எல்லைக்கோடு

பெரும் பணிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவை நிறைவெய்திய நாளையே கொண்டாடுகிறார்கள். அப்பணி எதையெல்லாம் செய்யாது என்று ஒருவர் தீர்மானித்த நாள் பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. இந்தியப் பெரும் முக்கோண அளவையின் வரலாற்றில் அத்தகைய தீர்மானங்கள் இரண்டு உண்டு. ஒன்று வில்லியம் லாம்டனுடையது. மற்றது ஜார்ஜ் எவரெஸ்டினுடையது.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் நிலம் கைமாறியதும் அதை அளக்க வேண்டிய தேவையும் கும்பினிக்கு வந்தது. எல்லை தெரியாமல் வரி விதிக்க இயலாது. வழி தெரியாமல் படை நடத்தவும் இயலாது. மைசூர் நாட்டின் ஊர், ஏரி, சாலை, காடு ஆகியவற்றை வரையும் பொறுப்பு காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் சுவடிகளையும் கைபீதுகளையும் திரட்டிய அதே மெக்கன்சிதான். ஏறத்தாழ அதே வேளையில், 33-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லாம்டன் வேறொரு திட்டத்தைச் சென்னை அரசின் முன் வைத்தார். தீபகற்பத்தைக் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை குறுக்கே அளப்பது என்பது அதன் சாரம்.

ஒரே நிலத்துக்கு இரண்டு அளவைகள் எதற்கு? இக்கேள்விக்கு விடை லாம்டன் தம் பணிக்கு வகுத்துக்கொண்ட எல்லையிலேயே இருந்தது. ஊர்களையும் வயல்களையும் அவர் வரையப்போவதில்லை. மலையுச்சி, கோபுரம், குன்றின் மேலுள்ள கோட்டை எனத் தொலைவிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் சில புள்ளிகளின் இருப்பிடத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவது, அதன் வழியே பூமியின் வடிவத்தை ஆராய்வது, இவ்விரண்டே அவர் வேலை. அப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் பிறர் நிரப்பிக்கொள்ளலாம். துணைக்கண்டம் முழுமைக்கும் நீளத்தக்க ஒரு பணி, தொடங்கத்தக்க அளவுக்குச் சுருங்கியது இவ்வாறுதான்.

1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கருகே அடிக்கோடு அளக்கும் வேலை தொடங்கியது. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதில் இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது கண்ணிகள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிய ஏழரை மைல் தொலைவுக்குச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை கிடத்த வேண்டியிருந்தது. 57 நாட்கள் ஆயின.

இவ்வளவு பொறுமை ஒரேயொரு கோட்டுக்குத்தான். அதன் பிறகு நிலத்தில் சங்கிலி போட வேண்டியதில்லை. கோட்டின் இரு முனைகளிலும் தியோடலைட் கருவியை நிறுத்தி மூன்றாவது புள்ளியொன்றைப் பார்த்தால் இரு கோணங்கள் கிடைக்கும். மற்றப் பக்கங்களின் நீளத்தைக் கணக்கே சொல்லிவிடும். அப்பக்கங்களுள் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். ஒவ்வொரு முக்கோணமும் தன்னளவில் முடிந்துவிட்ட ஒரு சிறு வேலை. மூன்று கோணங்களையும் அளந்து கூட்டினால், பூமியின் வளைவுக்குரிய சிறு மிகுதியோடு, 180 பாகை வர வேண்டும். வராவிட்டால் பிழை அந்த முக்கோணத்துக்குள்ளேயே அகப்பட்டுவிடும். பெரிய வேலையைத் துண்டாக்குவது எளிது. ஒவ்வொரு துண்டும் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்குமாறு வெட்டுவதே அரிது. 1804-ல் பெங்களூருக்கருகே மீண்டும் சங்கிலியால் ஒரு கோட்டை அளந்து, சென்னையிலிருந்து கணக்கு வழியாக வந்த நீளத்தோடு ஒப்பிட்டார் லாம்டன். ஏழு மைல் கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. மேற்குக் கடற்கரையை எட்டியபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பதும் தெரியவந்தது.

காவிரிச் சமவெளியில் வேறொரு சிக்கல். குன்றுகள் இல்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில்களின் உயரத்தை நாடினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து ஆறு வாரங்களில் அதைத் தம் கையாலேயே சீராக்கினார்.

ஆனால் தொடக்கத்தில் தெளிவாக இருந்த எல்லை நாளடைவில் விரிந்தது. தெற்கில் நிலப்பரப்பு முழுவதையும் வலைபோல முக்கோணங்கள் மூடின. 1818-ல் அளவை கல்கத்தாவின் பொறுப்புக்கு மாறியது. எவரெஸ்ட் உதவியாளராக வந்தார். 1823-ல் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தபோது வட இந்தியச் சமவெளி முழுதும் எஞ்சியிருந்தது. அந்த வலையை அங்கும் விரிப்பதென்றால் பணியும் செலவும் கட்டுக்கடங்கா.

இங்கேதான் இரண்டாவது தீர்மானம் வருகிறது. நிலத்தை முழுதும் மூட வேண்டியதில்லை என்றார் எவரெஸ்ட். குமரி முனையருகிலிருந்து இமயம் வரை செல்லும் பெருவில்லை முதுகெலும்பாகக் கொண்டு, வடக்குத் தெற்காகச் சில முக்கோணச் சங்கிலிகள். அவற்றை இணைக்கக் கிழக்கு மேற்காகச் சில. கம்பிச் சன்னல் போன்ற அமைப்பு. கம்பிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் பின்னர் வரும் அளவையாளர்களுக்கு உரியது. இந்தத் துணிவு இல்லையென்றால் 1841-ல் பெருவில் முற்றுப்பெற்றிருக்குமா என்பது ஐயமே.

இவ்வாறு பகுக்கப்பட்ட வேலையைச் செய்தவர்கள் யார்? சென்னை அளவைப் பள்ளியில் பயின்ற ஆங்கிலோ இந்தியச் சிறுவர்கள், கொடி பிடித்த கலாசிகள், கருவியைச் சுமந்தவர்கள், காடு வெட்டியவர்கள். காய்ச்சல் அவர்களைக் கொத்துக்கொத்தாக வீழ்த்தியது. கணக்கிடும் மனிதரையே அன்று கம்ப்யூட்டர் என்றழைத்தார்கள். 1831-ல் மாதம் முப்பது ரூபாய்க்கு அப்பணியில் சேர்ந்தவர் ராதாநாத் சிக்தார். அளவைத் துறைக் கூலியாட்களை நீதிபதி ஒருவர் சொந்த வேலைக்கு ஏவியதைத் தடுத்ததற்காக, 1843-ல் அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1856-ல் உலகின் மிகவுயர்ந்த சிகரம் என்று அறிவிக்கப்பட்டதன் கணக்கில் அவருக்குப் பங்குண்டு. சிகரமோ, அதற்கு முன்பே இங்கிலாந்து திரும்பிவிட்ட எவரெஸ்டின் பெயரைப் பெற்றது.

பகுத்துச் செய்யும் முறையின் ஆற்றலும் கொடுமையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒரு வேலையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறதென்றால், எந்தக் கையையும் நீக்கிவிட்டு வேறொன்றை வைக்கவும் முடியும். வரைபடத்தின் வெற்றிடங்களைப் பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள். பெயர்ப்பட்டியலின் வெற்றிடங்கள் அப்படி நிரம்பவில்லை. 1851-ல் வெளிவந்த இந்திய அளவைக் கையேட்டின் அறிவியல் பகுதிகளுக்காக முன்னுரையில் சிக்தாருக்கு நன்றி கூறப்பட்டிருந்தது. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், அவர் எழுதிய பகுதிகள் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் இல்லை.