டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 அக்டோபர் 3 முதல் 2012 மே 13 வரை, 8 பருவங்களில் 180 பகுதிகளாக ஒளிபரப்பான, இருண்ட நகைச்சுவை கலந்த மர்மத் தொடர். உருவாக்கியவர் மார்க் செர்ரி. கதைக்களம், ஃபேர்வியூ என்னும் கற்பனைப் புறநகரின் விஸ்டீரியா லேன் தெரு.

முதல் பகுதியின் தொடக்கத்திலேயே குடும்பத்தலைவி மேரி ஆலிஸ் யங், அன்றாட வீட்டு வேலைகளை ஒழுங்காக முடித்துவிட்டுத் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். பின்னர் இறந்தவரின் குரலே கதை சொல்கிறது. குரல் கொடுத்தவர் பிரெண்டா ஸ்ட்ராங். மேரி ஆலிஸின் உடைகளுக்கிடையே கிடைக்கும் மிரட்டல் கடிதம் சூசன், லினெட், பிரீ, கேப்ரியல் ஆகிய தோழியரை அவர் மறைத்த உண்மையைத் தேடவைக்கிறது. அடுத்த பருவங்களும் புதுப்புது மர்மங்களைக் கொண்டவை. எனினும் முதல் பருவமே கட்டுக்கோப்பில் சிறந்தது.

படப்பிடிப்பு யூனிவர்சல் ஸ்டுடியோவின் காலனியல் தெரு அரங்கில் நடந்தது. லினெட்டாக நடித்த ஃபெலிசிட்டி ஹஃப்மன் 2005இல் எம்மி விருது பெற்றார்.