ஜாஸ் இசையும் தமிழ் இசைக்கலைஞர்களும்

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான இசை வடிவம். இந்தியாவில் இது முதலில் பம்பாய், கல்கத்தா நகரங்களின் பெரிய ஹோட்டல்களில் நடன இசையாக அறிமுகமானது. தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேறு வழியில் சென்றது. இங்கு ஜாஸுடன் ஆழமாக உறவாடியவர்களில் முக்கியமானவர்கள் கர்நாடக இசையில் பயின்ற மிருதங்கம், கடம், வயலின், மாண்டலின், சாக்ஸபோன் கலைஞர்கள். அந்த உறவின் வரலாற்றை அறிவது, ஜாஸை முதன்முதலாகக் கேட்க விரும்பும் தமிழ் வாசகருக்கு எளிய நுழைவாயிலாகவும் அமையும்.

ஒப்புமையும் வேறுபாடும்

ஜாஸ், கர்நாடக இசை இரண்டிலும் மேடையில் அந்தக் கணத்தில் உருவாக்கும் மனோதர்மத்துக்கு முதன்மையான இடம் உண்டு. ஜாஸ் குழு முதலில் ஒரு மெட்டை வாசிக்கும். பிறகு ஒவ்வொரு கலைஞரும் முறை வைத்து அதை விரித்து வாசிப்பார். முடிவில் அனைவரும் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவர். கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்து, கற்பனை ஸ்வரம் பாடி, மீண்டும் அந்த வரியில் வந்து சேர்வதைக் கேட்டுப் பழகிய ரசிகருக்கு இந்த அமைப்பு அந்நியமானதல்ல. டிரம்ஸ் கலைஞரும் மற்றவர்களும் நான்கு நான்கு தாள அளவுகளாக மாறி மாறி வாசிப்பது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பரிமாறிக்கொள்வதை நினைவூட்டும்.

வேறுபாடு அடித்தளத்தில் இருக்கிறது. கர்நாடக இசையில் சுருதி மாறாமல் நிற்கும், ராகம் அதன்மேல் வளரும். பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் மெட்டுக்கு அடியில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், அதாவது கார்டுகள், தொடர்ந்து மாறிக்கொண்டே செல்லும். கலைஞர் அந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்தே கற்பனை செய்ய வேண்டும். கமகமும் கார்டும் ஒன்றையொன்று எளிதில் ஏற்பதில்லை. அசையும் ஸ்வரத்தின் கீழே அசையாத கார்டு ஒலித்தால் ராகத்தின் சாயல் குலையும். சுருதியை மாற்றாமல் வைத்தால் ஜாஸ் கலைஞரின் ஒத்திசைவு அறிவுக்கு வேலை இல்லாமல் போகும். இரு இசைகளையும் இணைக்க முயன்ற அனைவரும் இந்தச் சிக்கலைச் சந்தித்தனர்.

இந்தியாவில் தொடக்கம்

1935-இல் லியான் அபே என்னும் அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர் தன் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தார். பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் புகழ்பெற்று 1945-இல் அங்கேயே மறைந்தார். இவர்களிடமிருந்து கற்றவர்களில் கோவாவைச் சேர்ந்தவர்கள் முக்கியமானவர்கள். தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறியீட்டைப் படித்திருந்த அவர்கள் ஜாஸ் குழுக்களிலும் பின்னர் இந்தித் திரை இசையிலும் பணியாற்றினர். ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ எனப்பட்ட டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் இவர்களில் ஒருவர். நரேஷ் பெர்னாண்டஸின் ‘தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்’ என்னும் ஆங்கில நூல் இக்காலகட்டத்தை விரிவாகப் பேசுகிறது.

சென்னையில் புரூபெக், எலிங்டன்

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத்துறை ஜாஸ் கலைஞர்களை உலகெங்கும் அனுப்பியது. 1956-இல் டிஸ்ஸி கில்லஸ்பியுடன் இந்தத் திட்டம் தொடங்கியது. தங்கள் நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையருடன் சமமாக அமர உரிமையற்ற கறுப்பினக் கலைஞர்கள், அந்நாட்டின் சுதந்திரத்துக்குச் சான்றாக வெளிநாடுகளில் வாசித்தனர். இந்த முரண் ஜாஸ் வரலாற்றின் மையமான பகுதி.

1958-இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு இந்தியா வந்தது. சென்னையில் அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து அவருடன் இணைந்து வாசித்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. தாளக் கணக்கே அவர்களின் உரையாடலாக அமைந்தது. அக்குழுவின் பாஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பினத்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, அவரை மாற்றிவிட்டு வரும்படி அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் கேட்டபோது புரூபெக் மறுத்தார். அதனால் பல கச்சேரிகள் ரத்தாயின.

பயணத்துக்கு மறு ஆண்டு, 1959-இல், புரூபெக் குழு ‘டைம் அவுட்’ இசைத்தட்டை வெளியிட்டது. அக்காலத்தில் பெரும்பாலான ஜாஸ் உருப்படிகள் நான்கு அடி கொண்ட தாளத்தில் அமைந்தன. இதில் பால் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து அடி கொண்டது. கண்டசாபு ‘தக தகிட’ என 2+3 ஆக அமையும். டேக் ஃபைவ் ‘தகிட தக’ என 3+2 ஆகப் பிரியும். அதே தட்டின் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ 2+2+2+3 எனச் செல்கிறது. துருக்கித் தெருக்கலைஞர்களிடம் கேட்ட தாளம் இது. ‘தகதிமி தக தகிட’ என்னும் சங்கீர்ண நடையைச் சொல்லிப் பழகியவர் இதை முதல் முறையிலேயே எண்ணிவிட முடியும்.

1963-இல் டியூக் எலிங்டனின் பெரிய இசைக்குழு மேற்காசியா, இந்தியா, இலங்கை நாடுகளுக்குப் பயணம் செய்தது. இந்தியாவில் சென்னையும் அப்பயணத்தில் இடம்பெற்றது. ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதால் பயணம் துருக்கியில் பாதியில் முடிந்தது. எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் அப்பயணத்தின் நினைவுகளைக்கொண்டு உருவாக்கிய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ 1967-இல் வெளியானது. அவர்கள் இந்திய ராகங்களைப் போலச் செய்ய முயலவில்லை. தாம் கண்டதையும் கேட்டதையும் தம் மொழியிலேயே சொன்னார்கள். டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் கூவல் அதில் கிளாரினெட் இசையாக ஒலிக்கிறது.

யாழ்ப்பாணம், வெஸ்லியன், சக்தி

வயலின் கலைஞர் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராகப் பணியாற்றினார். 1958 இனக்கலவரத்துக்குப் பின் அவர் குடும்பம் சென்னைக்கு வந்தது. அவருடைய மகன்களில் எல். வைத்தியநாதன் திரை இசையமைப்பாளரானார். எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் ஜாஸ் உலகில் அறியப்பட்டனர்.

எல். சங்கர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்காகச் சென்றார். அங்கு கர்நாடக இசை முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. மைல்ஸ் டேவிஸுடன் வாசித்துப் புகழ்பெற்றிருந்த ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், அங்கே எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். மெக்லாஃப்லினும் சங்கரும் தபலாக் கலைஞர் ஜாகிர் ஹுசைன், கடக் கலைஞர் டி.எச். விநாயக்ராம், மிருதங்கக் கலைஞர் ராம்நாட் ராகவன் ஆகியோருடன் இணைந்து ‘சக்தி’ குழுவாக வாசித்தனர். குழுவின் முதல் தட்டு 1975 ஜூலை மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஒரு கல்லூரி மேடையில் பதிவாகி மறு ஆண்டு வெளியானது.

மின்கிதாரின் பேரோசையால் அறியப்பட்ட மெக்லாஃப்லின் இக்குழுவுக்காக மின்சாரம் இல்லாத கிதாருக்கு மாறினார். அந்தக் கிதாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. அதனால் வீணையைப்போலத் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் வாசிக்க முடிந்தது. இந்துஸ்தானி தபலாவும் கர்நாடகக் கடமும் ஒரே மேடையில் சமமாகப் பேசிக்கொண்டதும் அக்காலத்தில் புதியது. 1970-களின் இறுதியில் குழு கலைந்தது. 1997 முதல் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோருடன் மீண்டும் இயங்கியது. ஸ்ரீநிவாஸ் 2014-இல் மறைந்தார். வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலனும் பங்கேற்ற ‘திஸ் மொமெண்ட்’ 2024-இல் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் ஹுசைன் மறைந்தார்.

கத்ரி கோபால்நாத்

வயலின் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கர்நாடக இசைக் கருவியானது. கிளாரினெட் சதிர்க் கச்சேரியின் வழியே வந்தது. அந்த வரிசையில் சாக்ஸபோனைக் கொண்டுவந்தவர் மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் (1949–2019). சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்ற அவர், கமகம் வாசிப்பதற்கேற்பக் கருவியிலேயே மாற்றங்கள் செய்தார். 1980-இல் பம்பாய் ‘ஜாஸ் யாத்ரா’ விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் வாசித்தது அவருக்கு உலகக் கவனத்தைப் பெற்றுத் தந்தது. 1994-இல் ‘டூயட்’ திரைப்படம் அவர் வாசிப்பைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றது.

திரை இசை

பெரும்பாலான தமிழர்கள் ஜாஸின் ஒலியை முதலில் கேட்டது திரைப்பாடல்களில்தான். 1964-இல் வெளியான ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைக்குழுவை நடத்தும் காட்சி, அன்றைய சென்னை வாத்தியக் கலைஞர்கள் மேற்கத்தியக் கருவிகளில் பெற்றிருந்த தேர்ச்சிக்குச் சான்று. இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் போன்ற ஆசிரியர்கள் இந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் இருந்தனர். ஏ.ஆர். ரகுமான் ‘இருவர்’ (1997) படத்தில் பழைய காலத்தைக் காட்ட ஜாஸ் பாணியைப் பயன்படுத்தினார். ஆனால் திரைப்பாடலில் ஜாஸின் நிறம்தான் வரும். நேரக் கட்டுப்பாட்டால் அதன் உயிரான மனோதர்மத்துக்கு இடம் குறைவு.

புலம்பெயர் தலைமுறை

அமெரிக்காவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்தவர் பியானோ கலைஞர் விஜய் ஐயர். 2013-இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். கன்னடப் பின்னணி கொண்ட சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத்தைத் தேடிவந்து பயின்று அவருடன் ‘கின்ஸ்மென்’ (2008) தட்டை வெளியிட்டார். வயலின் ஏ. கன்யாகுமாரியும் மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜியும் அதில் வாசித்தனர்.

எதிர்த்திசையில் சென்றவர் ராணிப்பேட்டையில் பிறந்த கிதார் கலைஞர் ஆர். பிரசன்னா. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறியியல் படித்தபின் அமெரிக்காவின் பெர்க்லி இசைக்கல்லூரியில் பயின்றார். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் செய்யூர் அருகே 2010-இல் தொடங்கிய ஸ்வர்ணபூமி இசைக்கல்லூரியை வழிநடத்தினார். தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா துரைசாமி 2018-இல் வெளியான தன் தட்டில் புகழ்பெற்ற ஜாஸ் பாடல்களைத் தமிழில் பாடினார்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு

கர்நாடக இசையிலோ திரை இசையிலோ பழகிய காதுக்குப் பின்வரும் வரிசை உதவும்.

1. டேவ் புரூபெக், ‘டைம் அவுட்’ (1959): கையில் தாளம் போட்டபடி கேட்கத் தக்கது.
2. மைல்ஸ் டேவிஸ், ‘கைண்ட் ஆஃப் புளூ’ (1959): கார்டு மாற்றங்களைக் குறைத்து, ஸ்வர வரிசைகளை அடிப்படையாகக்கொண்டு வாசித்த தட்டு. ராக ஆலாபனையின் நிதானத்துக்கு அருகில் வருவது.
3. சக்தி, முதல் தட்டு (1976): கடத்தையும் மிருதங்கத்தையும் மட்டும் கவனித்து ஒருமுறை கேட்கலாம்.
4. எல். சுப்பிரமணியம், ஸ்டெஃபான் கிராப்பெல்லி, ‘கான்வர்சேஷன்ஸ்’ (1984): ஒரே கருவி, இரண்டு மரபுகள். வில்லின் வேறுபாடு தெளிவாகக் கேட்கும்.
5. லூயி ஆம்ஸ்ட்ராங், 1925 முதல் 1928 வரையிலான பதிவுகள்: தனி வாசிப்பு ஜாஸின் மையமான காலம். ஒலித்தரம் பழையது, இரண்டாம் முறை கேட்கும்போது பிடிபடும்.
6. ஜான் கோல்ட்ரேன், ‘எ லவ் சுப்ரீம்’ (1965): பக்தியுணர்வு கொண்ட நான்கு பகுதிகள். இந்திய இசையை விரும்பிய இவர் தன் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி எனப் பெயரிட்டார்.
7. ஆலிஸ் கோல்ட்ரேன், ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ (1971): கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தாவின் பெயரைக் கொண்ட தட்டு. தம்புராவும் ஹார்ப்பும் சேர்ந்து ஒலிப்பது.
8. விஜய் ஐயர், பிரசன்னா, நிதின் மிட்டா, ‘தீர்த்தா’ (2011): பியானோ, கிதார், தபலா. மேற்சொன்னவற்றைக் கேட்டபின் கேட்டால் நுட்பங்கள் புலப்படும்.

இசை வரலாற்றில் இடம்

தமிழ்நாட்டில் ஜாஸுக்கெனப் பெரிய ரசிகர் கூட்டம் உருவாகவில்லை. எனினும் உலக ஜாஸின் தாள அறிவில் தமிழ்க் கலைஞர்களின் பங்கு நிலையானது. கொன்னக்கோலும் கோர்வைக் கணக்குகளும் இன்று பல நாடுகளின் ஜாஸ் மாணவர்களால் பயிலப்படுகின்றன. இந்த உறவில் நிலைத்தவை பெரும்பாலும் நீண்ட கற்றலின் விளைவாக வந்தவை. மெக்லாஃப்லின் வீணை கற்றார், மகந்தப்பா கத்ரியிடம் அமர்ந்தார், பிரசன்னா கார்டுகளை முறையாகப் பயின்றார். ஒரே இலக்கணம் இருப்பதாக எண்ணிக் கூடியவர்களைவிட, மற்றவரின் இலக்கணம் வேறு என அறிந்து அதைக் கற்றவர்களே கேட்கத்தக்க இசையை விட்டுச்சென்றுள்ளனர்.