மாயாவிக்குச் சங்கம் இருந்ததா?

மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் ஒரே கதையில் வந்தால் யார் பேச்சை யார் கேட்பது? ராயபுரத்தில் நாங்கள் பையன்களாக இருந்தபோது மாதக்கணக்கில் நடந்த வழக்கு இது. அப்படியொரு கதை எங்கள் கைக்கு வந்ததில்லை. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸிலும் சரி, 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸிலும் சரி, நாங்கள் பார்த்தவரை அவரவர் தனித்தனியாகத்தான் உலகத்தைக் காப்பாற்றினார்கள். மூவரையும் ஒரு செட்டாகச் சேர்த்தது நாங்கள்தான். "ஆர்ச்சிதான் லீடரு, அதாண்டா ஸ்ட்ராங்கு" என்பான் ஒருத்தன். "அது மெஷினுடா. மெஷினு எப்டிரா லீடராவும்?" என்பான் இன்னொருத்தன். ஸ்பைடர் திருடன், அவனை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. மாயாவியோ கண்ணுக்கே தெரியமாட்டான். வழக்கு தீரவே இல்லை.

பிள்ளைகள் பேச்சு என்று நானே ஒதுக்கிவிட்டிருந்த இந்தக் கேள்விதான், சூப்பர் ஹீரோ குழுக்கதைகளை வாசிப்பதற்கான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. பலங்களைக் கூட்டிப் பார்ப்பது கணக்கு, கதையல்ல. என்ன நிபந்தனையின்பேரில் இவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், அந்தச் சேர்க்கைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு பிரதி கேட்கத் துணிகிற இடத்தில்தான் அது படிக்கத் தகுந்ததாகிறது.

'குழு' என்ற பெயரில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் எஜமானும் கையாளும்தான். ஸ்பைடரோடு பெல்ஹாம், ஆர்டினி என்று இருவர் உண்டு. ஒருவர் விஞ்ஞானி, மற்றவன் பெட்டகம் திறப்பதில் கில்லாடி. மூளையும் தொழில்திறனும் அவர்களுடையவை, சக்கரவர்த்திப் பட்டம் மட்டும் அவனுக்கு. லீ ஃபாக் 1934இல் படைத்த மாண்ட்ரேக்கின் பின்னால் வரும் லொதார் ஓர் ஆப்பிரிக்க இளவரசன். அரியணையை விட்டுவிட்டு ஒரு மந்திரவாதிக்குக் காவலாகச் சிறுத்தைத் தோல் போர்த்திக்கொண்டு நடக்கிறான். ஏன் நடக்கிறான்? 'விசுவாசம்' என்ற ஒற்றைச் சொல் அந்த மௌனத்தை மூடிவிடுகிறது. (1960களில் ஓவியர் மாறிய பிறகு அவன் உடையும் பேச்சும் கொஞ்சம் மரியாதைப்பட்டன. ஆனாலும் கதையின் பெயர் மாண்ட்ரேக்தான்.) நம் சினிமாவில் பண்ணையாருக்காக உயிர்விடும் வேலைக்காரனைப் பார்த்துக் கண்கலங்கிப் பழகிய நமக்கு இதில் உறுத்தல் ஏதும் இருக்கவில்லை.

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோன பிறகு அல்லிக்குளம் பக்கம் ஒதுங்கிய பழைய புத்தகக் கடைகளில்தான் அமெரிக்கக் குழுக்கதைகள் எனக்கு அறிமுகமாயின. 1960இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' என்னை இழுக்கவில்லை. ஏற்கனவே தனித்தனியாகக் கடை வைத்திருந்தவர்கள் கூடிப் பேசிய வியாபாரிகள் சங்கம் மாதிரி இருந்தது. மறுவருடம் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' வேறு மாதிரி. நால்வர்மீதும் ஒரே கதிர்வீச்சு பாய்கிறது. மூவர் வேண்டும்போது பழைய உருவத்துக்குத் திரும்பலாம். பென் கிரிம் மட்டும் கல்லாகவே கிடக்கிறான். ராக்கெட்டை ஓட்டியவன் அவன். அபாயம் என்று முதலில் எச்சரித்தவனும் அவன்தான். கிளம்பியே ஆகவேண்டும் என்று நின்ற விஞ்ஞானியின் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பென் பிறந்த யான்சி தெரு, நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பான லோயர் ஈஸ்ட் சைடின் சாயல் கொண்டது. கிர்பி அங்கே 1917இல் ஒரு தையலாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1962இல் வந்த 9ஆம் இதழில் தலைவர் பங்குச்சந்தையில் பணத்தைத் தொலைக்க, நால்வரும் நடுத்தெருவுக்கு வருகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கும் வாடகை உண்டு என்று ஒரு சூப்பர் ஹீரோ கதை ஒத்துக்கொண்டதை நான் அங்குதான் முதலில் படித்தேன்.

1975இல் 'எக்ஸ்-மென்' புதுப்பிக்கப்பட்டபோது கென்யா, ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் என்று பல தேசத்தவரைச் சேர்த்தார்கள். பன்முகம் என்று கொண்டாடப்பட்ட பிரதி. ஆனால் அடுத்தடுத்த இதழ்களிலேயே, அதே ஆண்டில், ஓர் ஆள் செத்துப்போகிறான். யார்? அபாச்சி பழங்குடியைச் சேர்ந்த தண்டர்பேர்ட். எந்தக் குழுக்கதையைக் கையிலெடுத்தாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இதைத்தான்: இதில் முதலில் சாவது யார்?

என் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் மாயாவியைப் பற்றி எழுத முடியாது. அந்த முத்து காமிக்ஸ் கட்டு அவருடையது. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றவர். வலது கையில் இரண்டு விரல்கள் அந்த மெஷினோடு போயின. தெருவில் அவருக்கு 'மாயாவி' என்றே பேர். கோபித்துக்கொள்ளமாட்டார். "அவனுக்கு ஸ்டீலு கை குட்தாங்கோ, எனுக்கு லைட் டூட்டி குட்தாங்கோ" என்பார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை வைத்துத்தான் அந்தக் கதையை நான் திரும்பப் படித்தேன். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் கென் புல்மர் எழுத, ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர். லூயி கிராண்டெல் ஒரு சோதனைச்சாலை உதவியாளன். வேலையிடத்து விபத்தில் கை போகிறது; அடுத்த விபத்தில் மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைகிறது. தெரிவது இரும்புக்கை மட்டும். ஆங்கிலேய ஆலை முதலாளிகள் ஆட்களை எண்ணும்போது 'இத்தனை கைகள்' என்றுதான் எண்ணினார்கள். ஆள் மறைந்து கை மட்டும் தெரியும் மனிதனை அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்த மாதிரி இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையத்துக்குள் (1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது) மாயாவி புகுந்து கம்பியைப் பிடித்தால் எத்தனை நாள் மறைந்திருப்பான் என்று நாங்கள் கணக்குப் போட்டதுண்டு. கை போனவன் முதலில் ஆத்திரத்தில் திருடுகிறான். பிறகு அரசாங்கம் உளவு வேலை போட்டுக்கொடுக்கிறது. நிழல்படை வரைக்கும் போகிறான். நஷ்டஈடு கேட்டானா? அவனுக்காக யாராவது கேட்டார்களா?

கேட்பதற்கான குழு ஒன்று எங்கள் பக்கத்திலேயே உருவான சரித்திரம் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றே வருடம். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். 'கருங்காலித்தனம்' என்று ஒரு வரியில் இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. வேலைநிறுத்தக் காலத்தில் யார் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருந்தது, சங்கத்தில் சேரியின் குரல் யார் வாயால் வெளிப்பட்டது என்று கேட்டால் அந்த ஒரு வரி போதாது. ஒற்றுமை எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. பென் கிரிம்மின் கல் உடம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புளியந்தோப்பு ஞாபகம் வருவதற்குக் காரணம் இதுதான். இதைக் கோட்பாட்டு மிகை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் வழக்குக்குத் தீர்ப்பு மாதிரி ஒன்று 2005–06இல் வந்தது. ஆறு இதழ்கள் கொண்ட 'ஆல்பியன்'. கதைத்திட்டம் ஆலன் மூர், எழுதியது அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் இதில் இருக்கிறார்கள்! ஆனால் உலகத்தைக் காக்கும் படையாக அல்ல. பிரிட்டனின் பழைய படக்கதை நாயகர்கள் நிஜ மனிதர்கள், அவர்களை அரசாங்கம் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது என்பது கதை. தலைவன் யார் என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். சேர்த்து வைத்ததோ சிறை. பாத்திரங்கள் ஏராளம் என்பதால் யாரோடும் நின்று பேச நேரமில்லாமல் கதை ஓடுகிறது என்பது என் குறை. இருந்தும் வைத்துக்கொள்ளவேண்டிய புத்தகம்தான். படைத்தவர்களின் பெயர்கூடப் போடாமல் அச்சிட்ட வார இதழ்கள் அவை. சூப்பர்மேனை 1938இல் 130 டாலருக்கு விற்றுவிட்டுப் பிறகு தவித்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், 1960களில் ஸ்பைடர் கதைகளைப் பெயரில்லாமல் எழுதியவர். அந்த நாயகர்களில் பெரும்பாலோரை 2016லும் 2018லும் ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஆலையை விற்றால் மெஷினோடு ஆளும் கைமாறுவது போல.

'ஆல்பியன்' தொகுப்பை மாமாவிடம் காட்டினேன். இங்கிலீஷ் படிக்கமாட்டார், படங்களை மட்டும் பார்த்தார். அடைபட்டுக் கிடக்கும் மாயாவி வந்ததும் நிறுத்தி, மீதி மூன்று விரல்களால் பக்கத்தை அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கெய்வனாயிட்டான்டா" என்றார். அப்புறம், "இவுங்கள்லாம் ஒண்ணாத்தான உள்ள கீறாங்கோ? ஒருத்தன்கூட ஒரு மனு எழுதிப் போடலியா?"