நண்டு டப்பாவில் மூக்கை விட்ட நாய்

குப்பையைக் கிளறப் போன நாயின் மூக்கு ஒரு காலி நண்டு டப்பாவில் மாட்டிக்கொள்கிறது. எஜமானன் டின்டின் அதை இழுத்துக் கழற்றி, நாலு திட்டு திட்டிவிட்டு, டப்பாவைத் தூக்கி எறிகிறான். சற்று நேரத்தில் இரட்டையர் போன்ற இரண்டு துப்பறிவாளர்கள், கடலில் மூழ்கிச் செத்தவனிடம் கிடைத்ததாக ஒரு கிழிந்த காகிதத் துண்டைக் காட்டுகிறார்கள். நண்டு டப்பாவின் லேபிள்! அதில் பென்சிலால் எழுதியிருப்பது ஒரு கப்பலின் பெயர். ஓடிப்போய்ப் பார்த்தால் டப்பாவைக் காணோம்.

பெல்ஜியத்தின் ஹெர்ஜே வரைந்த டின்டின் படக்கதையான ‘தங்கக் கொடுக்கு நண்டு’ இப்படித்தான் தொடங்குகிறது. நாயின் பெயர் மிலூ, ஆங்கிலத்தில் ஸ்னோயி. 1970களில் கவிஞர் நீரேந்திரநாத் சக்ரவர்த்தி ‘ஆனந்தமேளா’ இதழுக்காக டின்டினை வங்காளத்துக்குக் கொண்டுவந்தபோது மிலூ குட்டுஷ் ஆகிவிட்டது.

கதை பிறந்த வேளை நல்ல வேளை அல்ல. 1940 மே மாதம் ஜெர்மானியர் பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும், டின்டின் வந்துகொண்டிருந்த சிறுவர் இணைப்பு நின்றுபோனது. அக்டோபரில், ஆக்கிரமிப்பாளரின் கைக்குள் போய்விட்ட ‘லு சுவார்’ நாளிதழின் சிறுவர் பகுதியில் இந்தக் கதை தொடங்கியது. அரசியலைத் தொட முடியாது. எனவே அபின் கடத்தல், கப்பல், சகாரா பாலைவனம். அந்தப் பத்திரிகையில் வரைந்ததற்காக பெல்ஜியம் விடுதலையான பின் ஹெர்ஜே கைதானார். அங்கே வரைந்ததை வெறும் பிழைப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

காகிதத் தட்டுப்பாட்டில் சிறுவர் பகுதி முதலில் இளைத்தது, 1941 செப்டம்பரில் செத்தே போனது. மீதிக் கதை நாளிதழின் உள்ளே தினம் ஒரு வரிசைப் படமாகச் சுருங்கியது. மறுநாள் வாசகன் திரும்பி வர வேண்டுமானால், அந்தச் சில கட்டங்களுக்குள் ஒரு கொக்கி போட்டாக வேண்டும். ஹெர்ஜேயின் கதை சொல்லும் வேகத்தை முடுக்கிவிட்டது இந்த நெருக்கடி என்பேன். 1943இல் வண்ணப் புத்தகமானபோது 62 பக்கக் கணக்குக்குக் கதை போதவில்லை. நான்கு முழுப்பக்க ஓவியங்கள் இட்டு நிரப்பின.

1947இல் பிரஸ்ஸல்ஸில் இதைப் பொம்மைகளை வைத்துப் படமாக்கினார்கள். திரையிட்ட கொஞ்ச நாளில் தயாரிப்பாளர் திவாலாகி அர்ஜென்டினாவுக்கு ஓடிவிட்டார். ஒரு பிரதி மட்டும் காப்பகத்தில் தப்பியது. புத்தகத்தை அமெரிக்காவில் வெளியிட்ட கோல்டன் பிரஸ் வேறு விதமாகக் கத்தி வைத்தது: கதையில் வரும் கப்பல் கேப்டன் ஹாடக் புட்டியோடு குடிக்கும் கட்டங்கள் கூடாது, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வரும் படங்களும் கூடாது. கதையில் வந்த கறுப்பின மாலுமியை ஹெர்ஜே மாற்றி வரைந்து கொடுத்தார்.

ஹாடக் அறிமுகமாவது இந்தக் கதையில்தான். தன் கப்பலில் அபின் போவதே தெரியாத குடிகாரர். உயிர்காக்கும் படகில் குளிர்காயத் துடுப்புகளைக் கொளுத்துகிறார். பாலைவனத்தில் டின்டினை ஷாம்பெயின் புட்டியென்று நினைத்துக் கழுத்தைத் திருகப் பார்க்கிறார். இவ்வளவு வேடிக்கையான ஆள் வந்த பிறகு நாய்க்கு என்ன வேலை? அதுவரை மிலூதான் டின்டினின் பேச்சுத்துணை: குத்தலாக ஏதாவது சொல்லும், பயப்படும், அலுத்துக்கொள்ளும். அந்த வேலை முழுவதையும் கேப்டன் வாரிக்கொண்டார். அடுத்தடுத்த புத்தகங்களில் மிலூவின் பேச்சு பலூன்கள் குறைந்துகொண்டே போயின. எனக்கு இதில் வருத்தம்தான். ஆரம்பகால மிலூவின் வாய்த்துடுக்கு வேறு எந்தத் துணைப் பாத்திரத்துக்கும் அமையவில்லை.

2011இல் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் எடுத்த டின்டின் படத்துக்கு அடிப்படையான மூன்று கதைகளில் இதுவும் ஒன்று. அதில் மிலூவுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.