படம் முடிந்த பின் தொடங்கும் பேச்சு

1954ஆம் ஆண்டில் தமிழகத்துத் திரையரங்குகளில் 'அந்த நாள்' என்னும் படம் வெளியாயிற்று. ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு, வீணை வித்துவான் எஸ். பாலசந்தரின் இயக்கம், ஜாவர் சீதாராமனின் எழுத்து, சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தது. இத்தனை பெருமையிருந்தும் மக்கள் அதை ஏற்கவில்லை. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டில்லாப் படமா என்று கொட்டகைக்குள்ளேயே கூச்சலெழுந்தது. பணம் போட்டவருக்கு அந்த ஆண்டு அது நட்டக் கணக்கு.

இன்று தமிழ்ப் படங்களின் வரலாற்றைப் பேச முனைவோர் எவரும் அந்தப் படத்தைத் தாண்டிச் செல்வதில்லை. 1943இல் சென்னைமீது ஜப்பானியக் குண்டு விழுந்த மறுநாள் ஒரு வானொலிப் பொறியாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய் நடந்ததைச் சொல்கிறார்கள். உண்மை எங்கே இருக்கிறதென்று பார்ப்பவனே தேட வேண்டும். அக்காலத்தில் புகழின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த நாயகன் இதில் நாட்டைக் காட்டிக் கொடுப்பவனாக வருகிறான். அத்துணிவை இன்றும் நாம் வியந்தே பேச வேண்டியிருக்கிறது. படம் மாறவில்லை, அதன் ஓரடிச் சுருள்கூட மாறவில்லை. பார்த்தவர்கள் கூடியிருந்து பேசிப் பேசி அதன் மதிப்பை மாற்றினார்கள். இவ்வாறு கூடிப் பேசுவதற்கென்றே ஏற்பட்ட சங்கங்களின் கதையை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

பாலசந்தருக்கு இந்தக் கதையமைப்பு எங்கிருந்து வந்தது என்பதிலேயே அந்த வரலாற்றின் ஒரு முனை இருக்கிறது. 1952ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிற்று. பின்னர் சென்னை, டெல்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. இத்தாலியின் 'சைக்கிள் திருடர்கள்', ஜப்பானின் 'ராஷோமான்' ஆகியவற்றை நம் நாட்டவர் பலரும் அங்கேதான் முதன்முதலாகக் கண்டார்கள். குரோசாவாவின் 'ராஷோமான்' ஒரு விழாவில் பாலசந்தரின் கண்ணில் பட்டது. அதன் விளைவு நம் மொழியில் முளைத்தது.

அந்த விழாவுக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், கல்கத்தாவில் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலிய இளைஞர்கள் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் முதலில் திரையிட்டது ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொதெம்கின்'. ராய் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர். வாடகைக்குக் கிடைக்கும் படச்சுருளைக் கொண்டுவந்து போட்டுப் பார்ப்பதும், பார்த்ததை நள்ளிரவுவரை அலசுவதுமே சங்கத்தின் வேலை. பிரெஞ்சு இயக்குநர் ரென்வார் தம் படத்துக்காகக் கல்கத்தா வந்தபோது இவர்களுடன் பழகினார். 1951இல் சோவியத் நாட்டின் புதோவ்கினும் வந்து சென்றார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தபோது உலகம் வியந்தது. ஆனால் அந்தப் படம் வானத்திலிருந்து விழவில்லை. எட்டாண்டுப் பேச்சின் அறுவடை அது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராய் படமெடுக்கப் போய்விட்டதால் சங்கம் சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1956இல்தான் மீண்டும் கண் விழித்தது.

இத்தகைய சங்கங்களுக்கு மூல ஊற்று மேனாட்டில் இருக்கிறது. லண்டன் திரைப்படச் சங்கம் 1925இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலேய அரசின் தணிக்கை பொதுமக்களுக்கு மறுத்த 'பொதெம்கின்' படத்தை அந்தச் சங்கம் 1929இல் தன் உறுப்பினர்களுக்குக் காட்டிற்று. சந்தா செலுத்திய உறுப்பினர் மட்டுமே வரலாம் என்னும் விதி வெறும் நிர்வாக ஒழுங்கன்று; தணிக்கையின் கதவில் அது ஒரு சிறு சாளரமாயிற்று. நம் நாட்டிலும் அவ்விதமே நடந்தது. 1959இல் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை முதலிய நகரங்களின் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. ராய் தலைவர். சென்னைச் சங்கத்தின் முகமாக விளங்கியவர் அம்மு சுவாமிநாதன் அம்மையார். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். இந்திரா காந்தியும் துணைத் தலைவர்களுள் ஒருவராயிருந்தார். உறுப்புச் சங்கங்கள் வெளிநாட்டுப் படங்களைத் தணிக்கைச் சான்றின்றித் திரையிடக் கூட்டமைப்பு அரசிடம் விலக்குப் பெற்றுத் தந்தது. தூதரகங்களும் அயல்நாட்டுப் பண்பாட்டு நிலையங்களும் சுருள்களை இரவல் கொடுத்தன. 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்த பிறகு அங்கிருந்தும் 16 மில்லிமீட்டர்ப் பிரதிகள் தகரப் பெட்டிகளில் ரயிலேறி ஊர் ஊராய்ச் சென்றன.

வெட்டுப்படாத வெளிநாட்டுப் படம் என்றதும் கலைமீது திடீர்க் காதல் கொண்டு சந்தா கட்டியவர்களும் அக்காலத்தில் குறைவில்லை. எதிர்பார்த்த காட்சி வராமற்போகவே பாதியில் எழுந்து போனவர்கள் அவர்கள். மிஞ்சியிருந்தோர்தாம் சங்கம்.

இனி நம் தஞ்சைத் தரணிக்கு வருவோம். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே காவிரி பாயும் இந்த நெல்வயல் நாட்டில், திருவிடைமருதூர், திருபுவனம், ஆடுதுறை, திருமங்கலக்குடி, ஆவணியாபுரம் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களின் மக்கள் கேள்வி ஞானத்தில் எவருக்கும் இளைத்தவரல்லர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாயனத்தை வீதியில் நின்று கேட்டவர்கள் மறுநாள் ஆற்றுப் படித்துறையில் அந்தத் தோடியைப் பிடிபிடியாய்ப் பிரித்துப் பேசக் கூடியவர்கள். அதே இராஜரத்தினம் 1940இல் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' படத்தில் காளமேகமாய் வந்தார். தோடிக்குக் கிடைத்த அலசல் படத்துக்குக் கிடைக்கவில்லை. படமென்றால் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்ற இரண்டே தீர்ப்புகள்.

ஏன் அப்படி? இடமும் நேரமும் அதற்கு வாய்க்கவில்லை என்பதே நம் கருத்து. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் கீற்றுக் கொட்டகை எழும். தரை மணல், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. ஒரே ஒரு படமெறி கருவி இருப்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. பேச்சு அந்த இடைவேளைகளில் நடந்தது. அடுத்த சுருள் ஓடத் தொடங்கியதும் அறுந்தது. பின்னர் வந்தவை ரசிகர் மன்றங்கள். எம்.ஜி.ஆர். மன்றமும் சிவாஜி மன்றமும் இல்லாத ஊர் இல்லையென்னும்படி பெருகின. மன்றங்களை ஏளனமாய்ப் பேசுவது படித்தவர்களுக்கு வழக்கம். நாம் அதை ஒப்பவில்லை. படிப்பகம் வைத்ததும் இரத்த தானம் செய்ததும் மன்றத்து இளைஞர்கள்தாம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது அதன் எலும்புக்கூடாய் நின்றவையும் அந்த மன்றங்களே. ஆயினும் தலைவரின் படத்தில் குறையிருக்கிறதென்று மன்றத்துக்குள் ஒருவன் வாய் திறக்க முடியாது. சங்கத்திலோ அந்தக் குறையைச் சொல்வதற்காகவே ஒருவன் வருவான்.

தமிழகத்தில் சென்னைக்கு வெளியே சங்கங்கள் வேர்பிடிக்க வெகு காலமாயிற்று. சென்னையில் இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் 1977இல் தோன்றிற்று. 2003 முதல் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்தி வருவதும் அதுவே. மதுரையில் 'யதார்த்தா', கோவையில் 'கோணங்கள்' போன்றவை பெரும் பணமின்றி, ஆர்வம் ஒன்றையே முதலாய்க் கொண்டு நடந்தவை. பக்கத்துக் கேரளத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய 'சித்ரலேகா'வுக்குப் பின் சிற்றூர்தோறும் சங்கங்கள் முளைத்ததை எண்ணும்போது நமக்குச் சிறிது பொறாமையே உண்டாகிறது.

பழைய படத்தை மீண்டும் மதிப்பிட வேண்டுமானால் முதலில் அந்தப் படம் கிடைக்க வேண்டும். இங்கேதான் நெஞ்சு கனக்கிறது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நம் தென்னகத்து மௌனப் படங்களில் நம் கைக்கு மிஞ்சியது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா'. மற்றவை மட்கின, எரிந்தன, வெள்ளிக்காக உருக்கப்பட்டன. பாபநாசத்தில் பிறந்த கே. சுப்ரமணியம் 1939இல் எடுத்த 'தியாகபூமி'க்குச் சற்றே நல்வினை இருந்தது. கல்கியின் கதை, பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தது. சென்னை கெயிட்டி அரங்கில் ஓடிக்கொண்டிருந்தபோதே ஆங்கில அரசு அதற்குத் தடை விதித்தது. செய்தியறிந்து மக்களுக்கு இலவசமாகவே படம் காட்டப்பட்டது. அதன் பிரதி பூனாக் காப்பகத்தில் பிழைத்திருப்பதால்தான், கணவனை எதிர்த்து நீதிமன்றத்தில் நிற்கும் அந்தச் சாவித்திரியைப் பற்றி இன்றும் நம்மால் வாதாட முடிகிறது.

கும்பகோணத்தை அடுத்த உடையாளூரைச் சேர்ந்த வெங்கட் சாமிநாதன் எழுத, ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரகாரத்தில் கழுதை' 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமென்று தேசிய விருது பெற்றது. பேராசிரியர் ஒருவர் தாயற்ற கழுதைக் குட்டியை வளர்க்கிறார், அக்ரகாரம் கொதிக்கிறது, கழுதையைக் கொன்றவர்களே பின்னர் அதைத் தெய்வமாக்குகிறார்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராய் நடித்தார். விருது பெற்றும் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதற்கு இடந்தரவில்லை. 1989இல் தூர்தர்ஷனில் வரவிருந்த ஒளிபரப்பும் எதிர்ப்புக்குப் பின் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சங்கங்களின் திரையில் பார்த்தவர்களே. ஒரு படத்தைச் சங்கங்கள் உயிரோடு காத்தன என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

நம் சமுதாயத்துக்கு இதில் என்ன என்று கேட்போருண்டு. படம் பார்ப்பதையே விரும்பாத பெரியவர்கள் நம் இல்லங்களில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுடன் வழக்காடுவது நம் நோக்கமன்று. ஆனால் படம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டதை எவரும் மறுக்க இயலாது. 1980களில் சபர் சென்று திரும்பிய நம் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீடியோ பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். கொட்டகைக்குப் போகாத பெண்மணிகள் கூடத்தில் பாய் விரித்து, அக்கம்பக்கத்தாரையும் அழைத்துப் பார்த்தார்கள். அதுவும் ஒருவகைச் சங்கமே. பார்த்தபின் பேசவும் செய்தார்கள். அந்தப் பேச்சை எவரும் எழுதி வைக்கவில்லை.

பேச வேண்டியவை நமக்கு நிறையவே இருந்தன. 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜி ரஹீமாக வந்தார். சௌந்தரராஜனுடன் நம் நாகூர் ஹனீபாவின் குரலும் அதில் ஒலித்தது. அன்று அதைக் கண்டு நம்மவர் நெகிழ்ந்தது இயல்பு. இன்று மீண்டும் பார்க்கையில் ஒரு கேள்வி எழுகிறது: ரஹீம் பிறப்பால் இந்து, வளர்ப்பால் முஸ்லிம், நல்ல முஸ்லிமைக் காட்டக் கதைக்கு இப்படியொரு சுற்றுவழி ஏன் தேவைப்பட்டது? இக்கேள்வியைக் கேட்பதால் படத்தின் நல்லெண்ணம் குறைந்துவிடாது. எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குக் கண்ணதாசனுடன் வசனம் எழுதிய ரவீந்தர், நாகூரில் பிறந்த காஜா மொகிதீன் என்பதும் இத்தகைய பேச்சில்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

வடக்கே எம்.எஸ். சத்யு எடுத்த 'கரம் ஹவா' இன்னொரு வகை. இஸ்மத் சுக்தாயின் கதை. கைபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுதிய திரைக்கதை. பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட செருப்பு வணிகர் சலீம் மிர்சாவின் குடும்பம் மெல்ல மெல்லக் கரைகிறது. வங்கி கடன் மறுக்கிறது, வீடு பறிபோகிறது, மகள் மாண்டுபோகிறாள். மிர்சாவாக வாழ்ந்த பல்ராஜ் சஹானி படம் வெளிவருமுன்பே 1973 ஏப்ரலில் காலமானார். கலவரம் மூளுமென்ற அச்சத்தில் தணிக்கையாளர் மாதக்கணக்கில் தடுத்து வைத்த அந்தப் படம், வெளியானபின் தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதைப் பெற்றது. எது பகையை வளர்க்குமென்று அஞ்சினார்களோ அதுவே ஒருமைப்பாட்டுப் படமாயிற்று.

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது நம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு இரு வாரங்களுக்குத் தடை விதித்தது. சில பகுதிகள் திருத்தப்பட்டுப் பிப்ரவரியில் படம் வெளிவந்தது. புண்பட்டவர்களின் வலி பொய்யன்று. பல்லாண்டுகளாய்த் திரையில் நம் தொப்பியும் தாடியும் எதற்கு அடையாளமாக்கப்பட்டன என்பதை நாமறிவோம். எனினும் தடை கேட்ட அந்நாட்களில், இந்தக் காட்சி ஏன் தவறு, காமிரா எங்கே நிற்கிறது, யாருடைய கண்ணால் நம்மைப் பார்க்கச் சொல்கிறது என்று ஆதாரத்தோடு எழுதவல்ல விமரிசகர் நம்மிடையே எத்தனை பேர் இருந்தனர்? விரல்விட்டு எண்ணவும் ஆளில்லை. அத்தகையோர் ஒரே நாளில் உருவாகமாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கூடிப் பார்த்துக் கூடிப் பேசிய இடங்களிலிருந்தே வருவார்கள்.

ஈரானியப் படங்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் இளகிற்று. கியரஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987), மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) ஆகியன குறுந்தகடுகளின் வழியே தமிழகத்துச் சிற்றூர்ச் சங்கங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பரவின. தங்கையின் பாதரட்சையைத் தொலைத்துவிட்ட அண்ணன். இருவரும் ஒரே சோடியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். பாட்டில்லை, சண்டையில்லை. ஆயினும் 1954இன் கூச்சல் எங்கும் எழவில்லை. மொழி தெரியாத குழந்தைகளும் கடைசி ஓட்டப்பந்தயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். 2022இல் இயக்குநர் சாமி அதையே இளையராஜாவின் இசையுடன் 'அக்கா குருவி' என்று தமிழில் எடுத்தார். மூலத்தையும் தமிழையும் அடுத்தடுத்த நாட்களில் திரையிட்டுப் பேச எந்த ஊர் முன்வந்தாலும், திருவிடைமருதூர் வட்டத்திலிருந்து அங்கே வந்து அமர நம்மில் சிலராவது இருக்கின்றோம்.