ஏற்றிய தலைக்குப் பணம்

1790 ஜூன் கடைசியில் நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்ற மூன்று கப்பல்கள் சிட்னி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. பிரிட்டன் நாடுகடத்தி அனுப்பிய கைதிகள் உள்ளே இருந்தார்கள். அவர்களில் பலரால் தாமாக நடந்து இறங்க முடியவில்லை. கீழ்த்தளத்து இருட்டிலிருந்து மேலே வந்து வெளிக்காற்று பட்டதுமே சிலர் விழுந்து இறந்தார்கள். சிலருடைய உயிர் கரைக்குப் போகும் படகில் போயிற்று. இங்கிலாந்தில் ஏறக்குறைய ஆயிரம் பேரை ஏற்றியிருந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கு வழியிலேயே கடலுக்குள் வீசப்பட்டது. நெப்டியூனில் மட்டும் 158 பேர்.

காரணம் புயலோ போரோ அல்ல. இருந்ததெல்லாம் ஓர் ஒப்பந்தம்தான்.

இரண்டாண்டு முன்னால் ஆர்தர் பிலிப் தலைமையில் போன முதல் கப்பல் தொகுதியில் சாவு மிகக் குறைவு. பிலிப் புறப்படுவதற்கு முன்பே புதிய இறைச்சியும் காய்கறியும் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர். இந்த மூன்று கப்பல்கள் அடங்கிய இரண்டாவது தொகுதிக்கான வேலை கேம்டன், கால்வர்ட், கிங் என்ற லண்டன் நிறுவனத்துக்குப் போனது. அடிமை வணிகத்தில் பழுத்த கை அது. ஏற்றிய ஒவ்வொரு கைதிக்கும் 17 பவுண்டு, 7 ஷில்லிங், 6 பென்ஸ் என்று பேச்சு. ‘ஏற்றிய’ என்பதைக் கவனிக்க வேண்டும். சிட்னியில் உயிரோடு இறங்கினாரா என்று கணக்குப் பார்க்கும் விதி அதில் இல்லை. வழியில் ஒருவர் இறந்தால் அவருடைய ரொட்டியும் இறைச்சியும் மிச்சம். அப்படி மிஞ்சியதைப் பசியில் தவித்த சிட்னியில் கொள்ளை விலைக்கு விற்கலாம்.

சர்ப்ரைஸ் கப்பலில் வந்த கேப்டன் வில்லியம் ஹில் என்ற ராணுவ அதிகாரி இந்தக் கணக்கை உடனே பிடித்துக்கொண்டார். அடிமைக் கப்பல்களில் பூட்டும் குட்டை விலங்குகளையே கைதிகளுக்கும் மாட்டியிருந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். இதைவிட அடிமை வணிகமே இரக்கமானது என்று கடிதம் எழுதினார். அங்கே ஆள் செத்தால் வணிகருக்கு நஷ்டம், இங்கே லாபம்.

மேற்பார்வைக்கு ஆள் இல்லாமலா போனது? இருந்தார். கடற்படை லெப்டினன்ட் ஜான் ஷேப்கோட் அரசாங்கத்தின் ஏஜெண்டாக நெப்டியூனிலேயே பயணம் செய்தார். மூன்று கப்பலுக்கும் சேர்த்து ஒரே ஆள். அவரும் நடுவழியில் இறந்துபோனார். லண்டனுக்குச் சேதி எட்டுமுன்பே அடுத்த தொகுதியின் ஒப்பந்தமும் அதே நிறுவனத்துக்குக் கையெழுத்தாகியிருந்தது. நெப்டியூனின் தலைவர் டொனால்ட் டிரெயில் மீது 1792இல் கொலை வழக்கு நடந்தது. அவர் விடுதலையானார்.

அதற்குப் பிறகு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. உயிரோடு இறங்கும் தலைக்கு என்று தொகையில் ஒரு பகுதி தனியாக ஒதுக்கப்பட்டது. கப்பலில் அரசு மேற்பார்வையாளரும் ஏறினார். 1793இல் வந்த பாடிங்டன்ஸ், சுகர் கேன் கப்பல்களில் சாவை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொருளாதார ஆசிரியர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவதுண்டு: காசைச் சரியான இடத்தில் கட்டினால் மனிதர்கள் சரியாகிவிடுவார்களாம். ஆனால் 1799இல் ஹில்ஸ்பரோ வந்தது. அதன் ஒப்பந்தத்திலும் இறங்கும் தலைக்குக் கூடுதல் தொகை உண்டு. இருந்தும் 300 பேரில் 95 பேர் போய்விட்டார்கள். சிறைகளிலிருந்து கூடவே ஏறிய காய்ச்சலுக்கு ஒப்பந்தம் தெரியாது.

1814இல் ஜெனரல் ஹியூவிட், திரீ பீஸ், சர்ரி என்ற மூன்று கப்பல்கள் மறுபடியும் நோயும் பிணமுமாக வந்தன. ஆளுநர் லாக்லன் மக்குவாரி விசாரணையை வில்லியம் ரெட்ஃபர்னிடம் ஒப்படைத்தார். பொருத்தமான தேர்வு. 1797 கடற்படைக் கலகத்தில் சிக்கித் தண்டனை பெற்று, கைதியாகவே சிட்னிக்கு வந்து, பிறகு அரசு மருத்துவரானவர் ரெட்ஃபர்ன். கீழ்த்தளத்து நாற்றம் அவருக்குக் காகிதத்தில் படித்த செய்தியல்ல.

அவர் எழுதிய அறிக்கையில் காற்றோட்டம், சுத்தம், கைதிகளை மேல்தளத்தில் உலவ விடுவது என்று பல யோசனைகள் உண்டு. எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஒன்றுதான். கப்பல்களில் மருத்துவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் கப்பல்காரரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கப்பல் தலைவரை எதிர்த்துப் பேச எவருக்கு வாய் வரும்? ஆகவே கடற்படையில் பழகிய மருத்துவரை அரசே நியமிக்க வேண்டும், அவருக்கு அதிகாரமும் கொடுக்க வேண்டும் என்றார் ரெட்ஃபர்ன். 1815 முதல் சர்ஜன் சூப்பரிண்டெண்டெண்ட் என்ற பதவி வந்தது. கைதிகளின் உணவு, படுக்கை, தண்டனை எல்லாம் அவர் பார்வைக்குள் வந்தன. நாள்தோறும் அவர் எழுதிய குறிப்பேடு பயணம் முடிந்ததும் லண்டனுக்குப் போகும். அந்தக் குறிப்பேடுகள் ஏராளமாக இன்றும் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கடைசிக் கைதிக் கப்பல் போன 1868 வரையிலான காலத்தில் வழிச் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது.

இதே பதவி இதே பெயரோடு நம்மவர்கள் ஏறிய கப்பல்களுக்கும் வந்தது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் சர்ஜன் சூப்பரிண்டெண்டெண்டுக்கு உயிரோடு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம். சென்னைத் துறைமுகத்தில் குடியேற்றப் பாதுகாவலர் என்ற அதிகாரியும் இருந்தார். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து துரோ கப்பல் 342 பேரோடு புறப்பட்டு நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் சேர்ந்தது.

இந்தக் காவல் கரையோடு சரி. கரும்புத் தோட்டத்துக்குள் கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா, அடித்தார்களா என்று பார்க்க நேட்டாலில் பாதுகாவலர் என்று எவரும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து 1871இல் திரும்பிய முதல் தொகுதியினர் சென்னையில் அதிகாரிகளிடம் சவுக்கடியையும் பிடித்துவைத்த கூலியையும் சொல்லி முறையிட்டார்கள். விஷயம் மேலே போயிற்று. தோட்டங்களில் நடப்பதை விசாரிக்க 1872இல் நேட்டால் ஒரு கமிஷன் அமைத்தது; இந்தியக் குடியேறிகளுக்கென்று பாதுகாவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே நின்றுபோயிருந்த ஆள் ஏற்றுமதி 1874இல்தான் மறுபடி தொடங்கியது.