விரல் சூப்புதல்

கைக்குழந்தைகளும் சிறு குழந்தைகளும் கட்டைவிரலையோ மற்ற விரல்களையோ வாயில் வைத்து உறிஞ்சுவது விரல் சூப்புதல் அல்லது கை சூப்புதல் எனப்படும். இது நோயும் அன்று, யாரும் கற்றுக்கொடுத்து வரும் கெட்ட பழக்கமும் அன்று. பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் இயல்பு இது. கருவுற்ற நான்காம் மாதத்து ஸ்கேனிலேயே சிசு விரலை வாயில் வைத்திருப்பதைக் காணலாம். பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹெப்பரும் உடன் ஆய்வாளர்களும், கருவில் விரல் சூப்பியதாகப் பதிவான 75 பேரை அவர்களது 10 முதல் 12 வயதில் மீண்டும் பார்த்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். கருவில் வலக் கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கம் உடையவர்களாக இருந்தனர். இடக் கட்டைவிரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைப் பழக்கம் உடையவர்கள்.

உறிஞ்சும் அனிச்சைச் செயல் இல்லாவிட்டால் பச்சிளங்குழந்தை பால் குடிக்க முடியாது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நடக்கும் திறன் ஏறத்தாழ 32 முதல் 34 வார வளர்ச்சியில்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்து குழாய் வழியே பால் பெறும் குறைமாதக் குழந்தைகளை, பால் வராத நிப்பிளை வெறுமனே உறிஞ்ச விடுவது மருத்துவமனைகளில் பின்பற்றப்படும் முறை. அப்படிப் பழகிய குழந்தைகள் வாய்வழி பால் குடிக்க விரைவில் மாறுகிறார்கள். ஆக, பால் வராத உறிஞ்சலிலும் குழந்தைக்கு ஆதாயம் உண்டு. அது அழுகையைத் தணிக்கிறது, தூக்கத்துக்கு இட்டுச் செல்கிறது, பிறர் உதவியின்றித் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் முதல் வழியாகவும் அமைகிறது.

முதல் சில மாதங்களில் கை வாய்க்குப் போவதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தலையைத் திருப்பி மார்பைத் தேடுவதும் கையை வாயில் வைப்பதும் பசியின் தொடக்க அறிகுறிகள். அழுகை அதற்குப் பிந்தியது. கை வாய்க்குப் போகும்போதெல்லாம் தட்டிவிடும் வீட்டில் இந்த முதல் அழைப்பு கவனிக்கப்படாமல் போகும். அழுது களைத்த குழந்தைக்கு மார்பைப் பற்றிக் குடிப்பதும் கடினம். மூன்று, நான்கு மாதம் ஆனபின் குழந்தை தன் கையையே ஒரு புதுப்பொருளாக அறிந்து, கைக்குக் கிடைப்பதை எல்லாம் வாயில் வைத்துப் பார்க்கிறது. அதுவும் வளர்ச்சியின் ஒரு படியே. ஓராண்டு நிறையாத குழந்தை விரல் சூப்புவதைத் தடுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பசியா என்று பார்த்துப் பால் கொடுப்பதும், குழந்தையின் கையைச் சுத்தமாக வைப்பதும், நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுவதும் போதும். நீண்ட காலம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் விரலையோ நிப்பிளையோ சூப்பும் பழக்கம் நிலைப்பது குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இருந்தும், இந்தப் பழக்கத்தைக் கண்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்களும் பெற்றோரும் அஞ்சினர். பிராங்பர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் 1845இல் வெளியிட்ட ஜெர்மானியச் சிறுவர் படக்கதை நூலில், விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் ஒருவர் கத்தரித்துவிடுகிறார். புடாபெஸ்ட்டின் குழந்தை மருத்துவர் லிண்ட்னர் 1879இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அதை ஆதாரமாகக் கொண்டு சிக்மண்ட் பிராய்டு 1905இல் விரல் சூப்புதலைக் குழந்தைப் பருவப் பாலுணர்வின் வெளிப்பாடாக விளக்கினார். அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பிரிவு 1914இல் தாய்மார்களுக்காக வெளியிட்ட கையேடு, சட்டைக் கையை விரல்களுக்கு மேலாக இழுத்து ஊசி குத்தியோ தைத்தோ வைக்கச் சொன்னது. தன்னைத் தேற்றிக்கொள்ளும் முதல் வழியையே அடைத்து, பல நாள் இரவும் பகலும் ஒரு சிசுவை அழ விட்ட அறிவுரை அது. அரசு முத்திரையோடு வந்ததால் எண்ணற்ற வீடுகளில் அது பின்பற்றப்பட்டது. பின்னர் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் லெவி, உறிஞ்சும் தேவை பால் குடிக்கும்போது முழுமையாக நிறைவேறாத குழந்தைகளே விரலை நாடுகின்றன என்ற கருத்தை 1928இல் முன்வைத்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், கையைக் கட்டுவதும் கசப்பு தடவுவதும் பயனற்றவை என்று பெற்றோரிடம் எடுத்துச் சொன்னது.

தமிழ் வீடுகளில் வழங்கும் தடுப்பு முறைகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. வேப்பெண்ணெயையும் மூசாம்பரத்தையும் விரலில் தடவுவதும், சில இடங்களில் மிளகாய்ப் பொடியைப் பூசுவதும் உண்டு. இவற்றுள் வேப்பெண்ணெய் கைக்குழந்தைக்கு நஞ்சாகக்கூடியது. சிறு உபாதைகளுக்குக் கைமருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் எழுதினர். வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு, வலிப்பு, ஈரலில் கொழுப்பேற்றம், மூளை பாதிப்பு ஆகியவை சில மணி நேரத்தில் தோன்றின. உயிரிழப்பும் நேர்ந்தது. இந்தியாவிலும் இத்தகைய நச்சுப் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. அந்தக் குழந்தைகள் விழுங்கிய அளவு விரலில் தடவும் அளவைவிட மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் நாள் முழுதும் சூப்பப்படும் விரலில் திரும்பத் திரும்பத் தடவும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் தீங்கில்லாத ஒரு பழக்கத்துக்காக இந்த ஆபத்தை ஏற்பதில் நியாயமே இல்லை. மூசாம்பரம் பேதி மருந்து. மிளகாய் பட்ட விரலால் குழந்தை கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். இரு கைகளுக்கும் துணி உறை மாட்டிவிடுவது பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், உறையின் உட்புறத்தில் பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுத்த சம்பவங்கள் உண்டு. குழந்தை காரணம் தெரியாமல் விடாமல் அழுதால் உறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே இதை விட்டுவிடுகின்றனர். அதன் பிறகும் தொடர்ந்தால் பாதிப்பு முதலில் பல்லில் தெரியும். கட்டைவிரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது, கீழ் முன்பற்களை உள்ளே அழுத்துகிறது. வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே திறப்பு நிற்கிறது. உறிஞ்சும்போது கன்னத் தசைகள் உள்நோக்கி அழுத்துகின்றன, நாக்கு தாழ்ந்து கிடக்கிறது. மேலண்ணத்தை உள்ளிருந்து தாங்கும் விசை இல்லாததால் மேல்தாடை குறுகி, கடைவாய்ப் பற்கள் குறுக்காகக் கடிக்கத் தொடங்குகின்றன. ஒரு நாளில் எவ்வளவு நேரம், எத்தனை ஆண்டுகள், எவ்வளவு அழுத்தமாகச் சூப்புகிறது என்பதே பாதிப்பைத் தீர்மானிக்கிறது. விரலை வாயில் சும்மா வைத்துக்கொண்டு தூங்கும் குழந்தையும், சத்தம் கேட்க மணிக்கணக்கில் உறிஞ்சும் குழந்தையும் ஒன்றல்ல. பால்பற்கள் இருக்கும்போதே பழக்கம் நின்றால் முன்பல் திறப்பு பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். குறுக்குக்கடி அப்படிச் சரியாவது அரிது. ஆறு வயதையொட்டி முன் நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்குவதால், அதற்குள் பழக்கம் நிற்பது நல்லது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர்கள் இன்னும் முன்னதாகவே, மூன்று வயதைத் தாண்டித் தொடரும் குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துவரச் சொல்கின்றனர்.

பல்லுக்கு வெளியே, சூப்பும் விரலில் தோல் தடிப்பதும் நகச்சுத்தி வருவதும் உண்டு. தவழும் வயது முதல் மண்ணும் புழு முட்டையும் கையோடு வாய்க்குள் போகும் என்பதால் கைகழுவும் பழக்கம் முக்கியம். அழுக்கு விரல் பற்றி வியக்கத்தக்க ஒரு மறுபக்கமும் உண்டு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் முடிவு ஒன்று 2016இல் வெளியானது. 13 வயதில் செய்த தோல் சோதனையில், விரல் சூப்பவும் நகம் கடிக்கவும் பழகாதவர்களில் 49 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை உணர்திறன் இருந்தது. இரண்டில் ஒரு பழக்கம் இருந்தவர்களிடம் அது 40 விழுக்காடு, இரண்டும் இருந்தவர்களிடம் 31 விழுக்காடு. ஆனால் ஆஸ்துமாவிலோ மகரந்த ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகலிலோ வேறுபாடு காணப்படவில்லை. இதற்காகப் பழக்கத்தை ஊக்குவிக்குமாறு ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

நான்கு வயதுக்கு மேல் நிறுத்த முயல்வதில் குழந்தையின் சம்மதமே முதல் தேவை. எப்போது விரல் வாய்க்குப் போகிறது என்று சில நாள் கவனித்தால் தூக்கம், சலிப்பு, தொலைக்காட்சி, தம்பி தங்கை பிறந்த ஏக்கம் என ஏதேனும் ஒரு காரணம் தெரியவரும். அந்த வேளைக்கு வேறொரு ஆறுதலையோ கைக்கு ஒரு வேலையையோ தரலாம். சூப்பாத நாளைக் காலண்டரில் நட்சத்திரம் ஒட்டிப் பாராட்டலாம். குழந்தை விரும்பினால் நினைவூட்டலாக இரவில் விரலில் பிளாஸ்திரி ஒட்டலாம். உறவினர் முன் கேலி செய்வதும் அடிப்பதும் பதற்றத்தைக் கூட்டும். பதற்றம் கூடினால் விரல் மீண்டும் வாய்க்குப் போகும். இந்த அமைதியான முறைகள் பலிக்காமல் பல்லில் மாற்றம் தெரிந்தால், பல் மருத்துவர் மேலண்ணத்தில் கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்துவார். விரல் அண்ணத்தில் படிவதை அது தடுப்பதால் உறிஞ்சும் சுகம் குறைகிறது. பழக்கம் நின்ற பிறகும் சில மாதங்கள் அதை வாயில் விட்டுவைப்பது வழக்கம். 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கம்பித் தடுப்பும் ஊக்கமளிக்கும் உளவியல் முறைகளும் பலன் தருகின்றன என்றது. ஆனால் சான்றுகள் வலுவானவை அல்ல என்றும் குறிப்பிட்டது.

சூப்பிக்கொண்டே மறு கையால் தலைமுடியைப் பிடுங்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுள் பலரிடம் விரல் சூப்புவது நின்றதும் முடி பிடுங்குவதும் நின்றுவிடுகிறது. விட்டுவிட்ட பழக்கம் பள்ளி வயதில் திடீரெனத் திரும்பி வந்தாலோ, குழந்தை விளையாட்டையும் பேச்சையும் தவிர்த்து விரலோடு ஒதுங்கினாலோ, பல் மருத்துவருக்கு முன்பாகக் குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே கேட்டறிய வேண்டியது, அண்மையில் வீட்டிலோ பள்ளியிலோ அந்தக் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதே.